ரிட்டயர்டு ஆகுற டிரைவருக்கு ஃப்ளெக்ஸ்ல போட ஒரு வரி வேணும்: "பயணம்" பத்தி நம்ம பழைய இலக்கியத்துல என்னதான் இருக்கு?

ஃப்ளெக்ஸ்கடை (இழையைத் தொடங்கினவர்)
வணக்கம் மக்களே. காரைக்குடி பக்கம் சின்னதா ஒரு டிடிபி, ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கேன். எங்க தெருவுல ஒரு டிரைவர் அண்ணன், கவர்மெண்ட் பஸ்ஸுல 31 வருஷம் ஓட்டிட்டு இந்த மாசக் கடைசியில ரிட்டயர்டு ஆகுறாரு. அவரு மகன் வந்து பத்துக்கு எட்டுல ஃப்ளெக்ஸ் சொல்லிருக்கான், போட்டோ, மாலை, கீழ சொந்தக்காரங்க தலை வரிசையா, எல்லாம் வழக்கம்போலதான், ஆனா மேல ஒரு வரி வேணுமாம், "போய்ச் சேர்றது பெருசில்ல, போற பயணம்தான் பெருசு"ங்கற அர்த்தத்துல, அதுவும் வாட்ஸப்புல சுத்துறது வேணாமாம், சங்க இலக்கியத்துல இருந்துதான் வேணுமாம்.

நானும் ப்ளஸ் டூல தமிழ்ல நல்ல மார்க் எடுத்தவன்தான், சரி பார்த்துக்கலாம்னு அட்வான்ஸ் வாங்கிட்டேன். நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடினேன், ஒண்ணு கூட சிக்கல. பயணம்னு எடுத்தாலே ஒருத்தர் பசியில நடக்குறாரு, ஒருத்தர் காசு சம்பாதிக்கப் போறாரு, அவரு பொண்டாட்டி வீட்டுல உக்காந்து அழுகுறாங்க. "ஆகா நடக்குறது எவ்வளவு சுகம்"னு ஒருத்தரும் பாடின மாதிரி தெரியல. எனக்குத் தெரியலையா, நிஜமாவே இல்லையா?

நடுநிசி_வாசகன்
யாதும் ஊரே யாவரும் கேளிர். போட்டுட்டு காசை வாங்குங்க.

ஃப்ளெக்ஸ்கடை
அது ஊரைப் பத்தினது இல்லையா தம்பி? பயணம் எங்க வருது?

நடுநிசி_வாசகன்
முழுப் பாட்டையும் படிங்கண்ணே, புறநானூறு 192. முதல் வரிய மட்டும் எல்லாரும் டீ சர்ட்ல போட்டுக்குறோம், விஷயம் நடுவுல இருக்கு. மின்னலோட மழை கொட்டுது, பெரிய ஆறு கல்லுல மோதி சத்தம் போட்டுக்கிட்டு ஓடுது, அதுல "நீர்வழிப் படூஉம் புணைபோல்" உயிர் போகுதுங்கறாரு கணியன் பூங்குன்றனார். புணைன்னா தெப்பம். வாழ்க்கைப் பயணம்னு இதைவிட நேரா எவன் சொல்லிருக்கான்? அவரு ஊரும் உங்க பக்கம்தான், சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் அந்தப் பூங்குன்றம்னு சொல்றாங்க.

லோடுமேன்_மாரி
தம்பி தப்பா நினைக்காத. அந்தத் தெப்பத்துக்குத் துடுப்பு உண்டா? தண்ணி இழுத்த இழுப்புக்குப் போகுது. ஸ்டீரிங்கே இல்லாத வண்டிய ஒரு டிரைவருக்கு உவமையா போட்டு மண்டப வாசல்ல கட்டுனா மனுஷன் என்ன நினைப்பாரு, 31 வருஷம் தண்ணி போன போக்குல ஓட்டுனேன்னா?

நடுநிசி_வாசகன்
😂 சரி, ஒத்துக்குறேன். ஆனா அந்தப் பாட்டோட மதிப்பே வேற இடத்துல இருக்கு. தெப்பம்னு தெரிஞ்சதால பெரியவங்களப் பார்த்து வாய் பிளக்குறதில்ல, "சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே"னு முடிக்கிறாரு. கூட மிதக்குறவன மட்டமா பாக்காதேன்னு.

ஓய்வுபெற்ற_தமிழம்மா
ஃப்ளெக்ஸ்கடை தம்பி, உங்களுக்குக் கிடைக்காததுக்குக் காரணம் நீங்க சரியா தேடாதது இல்ல. நான் 28 வருஷம் பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவ, எனக்கும் அப்படி ஒரு வரி ஞாபகத்துக்கு வரல. நடக்குறத ஒரு சுகமா பாடுறவங்களுக்கு வீட்டுல சோறு இருக்கணும். சங்கப் பாட்டுல நடக்குறவங்க யாரு? பாணன், கூத்தன், பொருநன், விறலி. இல்லேன்னா பொருள் தேடிப் போற தலைவன். இல்லேன்னா வீட்டுக்குத் தெரியாம ஓடிப்போற சோடி. அகநானூறுல 400 பாட்டு, அதுல ஒத்தப்படை எண் வர்ற பாட்டு அத்தனையும் பாலைத்திணை, அப்ப சரியா பாதி, 200. பாலைன்னா வழிதான், பிரிவுதான். பாதிப் புத்தகம் ரோட்டுல நடக்குது, ஆனா ஒரு இடத்துல கூட ரோட்டைப் புகழல. வெயில், பரல்கல்லு, காய்ஞ்ச மரம், வழிப்பறிக்காரன்.

அதுக்காக மதிப்பு இல்லைன்னு அர்த்தம் இல்ல. மதிப்ப வேற இடத்துல வச்சிருக்காங்க. கூட நடக்குறவங்க காலப் பாத்து வச்சிருக்காங்க.

குறுந்தொகை 7 எடுத்துப் பாருங்க, பெரும்பதுமனார் பாட்டு. எதிர்ல வர்ற யாரோ வழிப்போக்கங்க பேசுறாங்க. முகத்தைப் பாக்கல, பேரக் கேக்கல, கீழ பாக்குறாங்க: வில்லு வச்சிருக்கவன் காலுல கழல், வளையல் போட்ட புள்ளையோட மெல்லடியில இன்னும் சிலம்பு கிடக்கு. கல்யாணத்துக்கு முன்னால சிலம்பு கழட்டுறது வழக்கம், அப்ப இன்னும் கல்யாணம் ஆகல, ஓடி வர்றாங்கன்னு இவங்களுக்குப் புரிஞ்சிடுது. புரிஞ்சதும் திட்டலையே, "யார்கொல் அளியர் தாமே", யாரு பெத்த புள்ளைங்களோ பாவம்னு சொல்றாங்க. சுத்தி ஒரே சத்தம், வாகை மரத்துக் காய்ஞ்ச நெத்து காத்துல கலகலன்னு, கழைக்கூத்தாடி பறை மாதிரி. எங்க ஸ்கூல் கிரவுண்டுல ஒரு வாகை மரம் நின்னுச்சு, மாசி பங்குனியில அந்தச் சத்தம் கேட்டா பிள்ளைங்கள வெளிய கூட்டிப் போயி நிக்க வச்சிருவேன், அதுக்கப்புறம் உரையே தேவைப்படாது.

லோடுமேன்_மாரி
டீச்சர் நீங்க எனக்கு எடுத்திருந்தா நான் பத்தாவதே பாஸாயிருப்பேன்.

கண்ணகிகட்சி
காலுன்னு சொன்னதும் எனக்கு சிலப்பதிகாரம்தான். நாடுகாண் காதை. இதை எந்த மேடையிலயும் யாரும் பேசுறதில்ல, எல்லாரும் நேரா மதுரைய எரிக்கப் போயிடுறாங்க 🙄

கண்ணகியும் கோவலனும் புகார் நகரத்த விட்டு மதுரைக்கு இப்பதான் கிளம்பிருக்காங்க. மாடியில வளர்ந்த பொண்ணு, தெருவுல நடந்தே பழக்கமில்ல. கொஞ்ச தூரம் வந்ததுமே கால் நோகுது, "குறும்பல உயிர்த்து"ன்னு எழுதுறாரு இளங்கோ, குட்டி குட்டியா மூச்சு வாங்குது. அந்த மூச்சோட கேக்குறா, "மதுரை மூதூர் யாது". அதுதானா மதுரை, வந்துருச்சான்னு கேக்குற தொனி, கார்ல ஏறி டோல்கேட் தாண்டினதும் குழந்தைங்க "ஊரு வந்துருச்சா"ன்னு கேக்குமே அது. கோவலன் என்ன சொல்றான்? "ஆறைங் காதம்... நணித்து", கிட்டதான் இருக்குன்னு சொல்லிச் சிரிக்குறான். ஆறைங்காதம்னா ஆறஞ்சு முப்பது காதம்! ஆனா காதுல விழும்போது ஆறோ அஞ்சோ காதம்கிற மாதிரி விழும். பொய்யும் சொல்லல, பயமுறுத்தவும் இல்ல. இன்னைக்கு உறையூர் வழியா ரோட்டுல போனா 250 கிலோமீட்டருக்கு மேல வரும்.

அந்தச் சிரிப்பப் பத்தி நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். அத்தனை நாள் மாதவி வீட்டுல கிடந்துட்டு வந்தவன், சொத்தை எல்லாம் தொலைச்சவன், அவளுக்குன்னு அவன் செஞ்ச முதல் நல்ல காரியம் ஒரு வார்த்தைய மடக்கிச் சொன்னதுதான். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா இருந்தது முக்காவாசி அந்த ரோட்டுலதான்னு எனக்குத் தோணும். போய்ச் சேந்த இடத்துல என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்.

முகப்புத்தக_அறிஞர்
நல்ல பதிவு. ஆனால் பயணமே இலக்கு என்பதை மேலை இலக்கியம் போல் நம்மவர்கள்...

கண்ணகிகட்சி
சார் முதல்ல மேல இருக்கறதப் படிச்சிட்டு வாங்க.

செங்கத்துக்காரன்
இவ்வளவு பேசுறீங்க, ஆற்றுப்படைய ஒருத்தரும் தொடலையே. பத்துப்பாட்டுல சரிபாதி ஆற்றுப்படைங்க, பத்துல அஞ்சு. முருகு, பொருநர், சிறுபாண், பெரும்பாண், அஞ்சாவது மலைபடுகடாம், 583 அடி. அந்த மலைபடுகடாத்துல வர்ற ராஜா நன்னன் எங்க ஊருக்காரன், செங்கண்மான்னு சொல்றது இன்னைக்கு திருவண்ணாமலை மாவட்டத்து செங்கம். அதுல வர்ற சேயாறு எங்க செய்யாறு. (இந்த ஒரு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டு, மன்னிச்சிருங்க.)

லோடுமேன்_மாரி
அண்ணே ஆற்றுப்படைன்னா ஆத்தங்கரையில நிக்கிற படையா? சீரியஸாதான் கேக்குறேன்.

செங்கத்துக்காரன்
நானும் சின்ன வயசுல அப்படித்தான் நினைச்சேன் மாரி. ஆறுன்னா வழி. படுத்துறதுன்னா அந்த வழியில சேத்து விடுறது. ஒரு கூத்தன் வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்றான், எதிர்ல இன்னொரு கூட்டம் பசியோட வருது, நிறுத்தி "இப்படிப் போ, அங்க திரும்பு, அவரு குடுப்பாரு"ன்னு வழி சொல்றான். அம்புட்டுதான்.

நடுநிசி_வாசகன்
அதாவது ரெஃபரல் மார்க்கெட்டிங் 😄 அந்த ராஜா நல்லவரு வல்லவருன்னு புகழ்றதுக்கு ஒரு டெக்னிக். இதுல வாழ்க்கை மதிப்பு எங்க வருது?

ஓய்வுபெற்ற_தமிழம்மா
தம்பி, சிறுபாணாற்றுப்படையில ஒரு அடுப்படி வரும். படிச்சிட்டு ரெஃபரல்னு சொல்லுங்க. அடுப்பு எரிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு, அதுல நாய் குட்டி போட்டிருக்கு. கண்ணு தொறக்காத குட்டிங்க பால் குடிக்க முட்டுது, தாய்க்கிட்ட பால் இல்ல, வலி பொறுக்காம அது குரைக்குது. அந்த வீட்டுப் பொண்ணு நகத்தால கிள்ளிட்டு வந்த, குப்பையில முளைச்ச வேளைக்கீரைய வேக வைக்கிறா, "உப்பிலி வெந்ததை", போட உப்பு கூட இல்ல. அதைச் சாப்பிடுறதுக்கு முன்னால கதவச் சாத்துறாங்க, யாராவது பாத்துட்டா மானம் போயிருமேன்னு. எல்லாரும் கூடி உக்காந்து சாப்பிடுறாங்க.

இதைச் சொல்றவன் அவன் வீட்டைத்தான் சொல்றான். நேத்து வரைக்கும் என் அடுப்படி இது, இன்னைக்கு யானையும் தேருமா வர்றேன்னு. ராஜாவப் புகழ்றாங்கறது சரிதான், ஆனா உப்பில்லாத கீரைய கதவச் சாத்திட்டுத் தின்ன கதைய முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட நடு ரோட்டுல நின்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். கிடைச்சதும் வாயை மூடிக்கிட்டு வேற ரோட்டுல போயிருக்கலாம்ல? தொல்காப்பியரே "பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ"ன்னு இதுக்கு இலக்கணம் சொல்லிருக்காரு, கிடைச்சவன் கிடைக்காதவனுக்குச் சொல்றது.

நடுநிசி_வாசகன்
...வாபஸ் வாங்கிக்கிறேன் டீச்சர்.

செங்கத்துக்காரன்
நான் சொல்ல வந்தது வேற, மலைபடுகடாம் சும்மா "அந்தப் பக்கம் போ"ன்னு கை காட்டல. இங்க காட்டுப்பன்னிக்கு வச்ச பொறி இருக்கும் பாத்து கால் வை, தினைப்புனத்துக் காவக்காரன் யானைய விரட்ட கவண்ல கல் விடுவான் மரத்தோரமா ஒதுங்கு, இங்க பாம்பு கிடக்கும், இங்க வழுக்கும். பழைய டிரைவர் புது டிரைவருக்கு ரூட்டு சொல்லுவாரே அப்படியே. எங்க ஊருப் பக்கத்துல பருவதமலை இருக்கு, பாட்டுல வர்ற நவிரமலை அதுதாங்கறாங்க. பௌர்ணமிக்கு ராத்திரியில ஏறுவோம், மேல போகப் போக கடப்பாறை நெட்டுன்னு ஒரு இடம், பாறையில கம்பி அடிச்சு சங்கிலி தொங்கும். அங்க முன்னால ஏறுறவன் யாருன்னே தெரியாது, ஆனா இருட்டுல இருந்து குரல் வரும், "அடுத்த கம்பி இடது கைப்பக்கம்". நீ ஏறினதும் உன்னை அறியாம உனக்குப் பின்னால வர்றவனுக்கு நீ சொல்லுவ. யாரும் சொல்லச் சொல்லல.

அந்தப் பாட்டுலயே எனக்கு உசுரு ஒரு இடம்தான். காட்டுக்குள்ள பாதை பிரியுற இடம் வருது, பாட்டுல அதுக்குப் பேரு கவலை, எந்தப் பக்கம்னு தெரியாது. சரியான வழியக் கண்டுபிடிச்சதும் என்ன செய்யச் சொல்றாருன்னா

"பண்டுநற் கறியாப் புலம்பெயர் புதுவிர்
சந்து நீவிப் புல்முடிந்து இடுமின்"

இதுக்கு முன்ன பாத்தறியாத புது இடத்துக்கு வந்தவங்க நீங்க, அதனால பாதை சேர்ற எடத்தை கையால தடவி சரி பண்ணி, அங்க இருக்கற புல்லை முடிச்சுப் போட்டு வச்சிட்டுப் போங்க. பின்னால வர்றவனுக்கு அடையாளம்.

செம்மணிக்கரை
நான் இஞ்ச வழக்கமா வாசிக்கிறதோட சரி, எழுதுறேல்ல. ஆனா செங்கத்து அண்ணை எழுதின அந்த ரெண்டு வரியப் பாத்திட்டு நேற்றிரவு நித்திரை வரேல்ல.

"புலம்பெயர்" எண்ட சொல் எங்களுக்கு ஒரு அடையாள அட்டை மாதிரி. நான் இப்ப கனடாவில, எல்லாரும் எங்களைப் புலம்பெயர் தமிழர் எண்டுதான் சொல்லுவினம். அந்தச் சொல் அவ்வளவு பழசு எண்டும், அது புல் முடியிற வரிக்குப் பக்கத்தில கிடக்குது எண்டும் எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

1995 அக்டோபர் 30. போர் நேரம், யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில எழும்பி நடந்தது. எனக்கு ஒன்பது வயசு. செம்மணி வெளியால, நாவற்குழிப் பாலத்தால லட்சக்கணக்கில சனம், சைக்கிளை உருட்டக்கூட இடமில்லை, மழை வேற. நான் அம்மம்மான்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சபடி நடந்தனான், எனக்கு முன்னால போன ஆரோ ஒரு ஐயான்ரை குதிக்காலைத் தவிர வேற ஒண்டும் ஞாபகமில்லை, டீச்சர் சொன்ன மாதிரி கால்தான். விடிய சாவகச்சேரிக்கு வந்து சேந்தா, ஒரு மதில் முழுக்க கரிக்கட்டியால எழுதிக்கிடக்கு. பேர், ஊர், "கொடிகாமத்தில நிக்கிறம்", "அம்மாவோட வந்திட்டம் பயப்பிட வேண்டாம்". எங்கட மாமியும் அதில ஒரு கரிக்கட்டிய எடுத்து எழுதினவ. ரெண்டு நாள் கழிச்சு மாமா அதை வாசிச்சிட்டுத்தான் எங்களிட்ட வந்து சேந்தவர்.

அந்த நடையில எனக்கு ஒரு மதிப்பும் தெரியேல்ல, பாருங்கோ. ஆரும் வந்து பயணம்தான் வாழ்க்கை எண்டு சொன்னா எனக்குக் கோவம்தான் வரும். ஆனா அந்த மதிலை நினைச்சா வேற.

இன்னொண்டு, எங்கட பக்கம் மனசு உடைஞ்ச ஆக்களோட இருந்து கதைச்சு ஆளாக்கி எடுக்கிற வேலைக்கு "ஆற்றுப்படுத்துதல்" எண்டுதான் பேர். போருக்குப் பிறகு அந்தச் சொல்லை எத்தினை தரம் கேட்டிருப்பன். அது ஆறுதலில இருந்து வந்த சொல் எண்டுதான் இண்டைக்கு மட்டும் நினைச்சுக்கொண்டிருந்தன்.

ஓய்வுபெற்ற_தமிழம்மா
தம்பி, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். ஆறுதல்னு நினைச்சதும் தப்பில்லப்பா, ஆற்றுறது, ஆறுதல், வழியில விடுறது, எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ள ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு. பொருநராற்றுப்படையில கரிகாலன் பரிசு குடுத்துட்டு அப்படியே உள்ள போயிட மாட்டான், "காலின் ஏழடிப் பின்சென்று" வழியனுப்புவான், தேர்ல ஏறாம கால் நடையா ஏழு அடி. வாங்கின பொன்னை விட அந்த ஏழு அடியதான் பொருநன் ஞாபகம் வச்சிருந்து சொல்றான்னு எனக்குப் படும்.

கண்ணகிகட்சி
செம்மணிக்கரை அண்ணா ❤️ காடுகாண் காதையிலயும் மதுரைக்குப் போற வழி சூலம் மாதிரி மூணா பிரியும், ஒரு மறையோன் நின்னு எந்த வழியில என்ன இருக்குன்னு சொல்லுவான். கூட வர்ற சமணத் துறவி கவுந்தியடிகள் நடக்கும்போதே வயல் வரப்புல நண்டும் நத்தையும் காலுல மிதிபட்டுரும்னு பாத்துப் போகச் சொல்லுவாங்க. நான் அதை இவ்வளவு நாளா சமண தர்மம்னு நோட்ஸ்ல எழுதி மார்க் வாங்கிட்டு விட்டுட்டேன்.

லோடுமேன்_மாரி
ஃப்ளெக்ஸ்கடை அண்ணே, அப்ப எந்த வரி? புல் முடிஞ்சதுதான?

நடுநிசி_வாசகன்
அதைப் போட்டா கல்யாண மண்டபத்துல ஒருத்தனுக்கும் புரியாது. ஆனாலும் அதுதான்.

செங்கத்துக்காரன்
படிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். மலைபடுகடாத்தை முதல் வரியில இருந்து ஆரம்பிக்காதீங்க, முழவு ஆகுளி பாண்டில்னு தோள்ல தூக்கிட்டுப் போற வாத்தியத்துப் பட்டியலா வரும், அங்கயே மூடி வச்சிருவீங்க. மலை ஏறத் தொடங்குற இடத்துல நுழையுங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்துல உரையோட இலவசமா கிடைக்குது.

ஃப்ளெக்ஸ்கடை
ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், சீசன் வேலை. எல்லாருக்கும் நன்றி. நடந்ததச் சொல்லிடுறேன்.

புல் முடிஞ்சு இடுமின் வரிய டிசைன் பண்ணி அந்தப் பையனுக்கு அனுப்பினேன். "அண்ணே இது என்ன புல்லு பூடுன்னு இருக்கு, மாமா சண்டைக்கு வருவாரு"ன்னுட்டான். கடைசியில யாதும் ஊரேதான் போச்சு, நடுநிசி தம்பி ஜெயிச்சிட்டீங்க. அதுலயும் "கேளிர்" போயி "கேளீர்"னு அச்சாகி, விழாவுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால ஸ்டிக்கர் ஒட்டினேன், அது என் தப்புதான்.

ஆனா மனசு கேக்கல. சாப்பாடு முடிஞ்சு டிரைவர் அண்ணன் மண்டபத்து வாசல்ல தனியா நின்னப்ப போயி அந்த வரியச் சொன்னேன், செங்கத்துக்காரர் சொன்ன மாதிரியே, பாதை பிரியுற எடம், புல்லு, பின்னால வர்றவன் எல்லாம். வெத்தலைய மென்னுக்கிட்டே முழுசா கேட்டாரு. நல்லாருக்குன்னோ இல்லைன்னோ சொல்லல. கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துட்டுக் கேட்டாரு:

"அது சரிப்பா, மாடு மேய்ஞ்சிட்டா?"

எனக்குப் பதில் தெரியல. டீச்சர், உரையில ஏதாவது இருக்கா?